கியர் பாக்ஸில் ஒரு மிளகு

அத்தியாயம் 7

கியர் பாக்ஸின் வடிகட்டியைக் கழற்றிக் கவிழ்த்தபோது ஆதிராவின் உள்ளங்கையில் முதலில் விழுந்தது உப்பு. கொஞ்சம் தாமதித்து ஒரு மிளகும் விழுந்தது.

அவள் அதை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்பாக, சுருக்கம் சுருக்கமாக, உலகத்தில் உள்ள எல்லா மிளகையும் போலத்தான் இருந்தது. ஆயிலில் ஊறியதால் மினுமினுப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

"அண்ணாச்சி, இது என்ன?"

எஞ்சின் அறை ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த பகவதியப்பன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"மிளகு."

"கியர் பாக்ஸுக்குள்ள மிளகு எப்படி வரும்?"

"சீரகமும் கிடைச்சா ரசம்னு ரிப்போர்ட் எழுதிரலாம் மேடம். மல்லித்தழை இருக்கான்னு பாருங்க."

ஆதிரா பார்த்தாள். மல்லித்தழை இல்லை.

கப்பலோ படகோ, எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவில் எது பழுதானாலும் போய்ச் சரிசெய்வது ஆதிராவின் வேலை. சர்வீஸ் எஞ்சினியர். பூதப்பாண்டியில் வீடு இருந்தது. வருடத்தில் பாதி நாள் அவள் வசித்தது பெட்டியில். கொச்சி, மங்களூர், கொழும்பு, இரண்டு முறை நார்வே. எந்த ஊரையும் அவள் சுற்றிப் பார்த்ததில்லை. போன ஊரிலெல்லாம் அவள் பார்த்தது கப்பலின் பின்பகுதியை மட்டும்தான். முட்டத்தில் களவுபோன ஒரு புரொப்பெல்லரை, கல்யாணப் பந்தலின் கயிற்றுக்குப் பாரமாகக் கட்டியிருந்த இடத்தில் அவள் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகு, இந்தக் கரையில் அவளுக்குத் 'துப்பறியும் எஞ்சினியர்' என்று ஒரு பெயரும் சேர்ந்திருந்தது. கம்பெனி அதற்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கவில்லை.

பகவதியப்பன் கொட்டாரத்துக்காரர். சர்வீஸ் வேனை ஓட்டுவார், கருவிப் பெட்டியைத் தூக்குவார். அதற்கு முன்பு கன்னியாகுமரியில் டூரிஸ்ட் கைடு. மூன்று கடல்களையும் ஒரே மூச்சில் காட்டி முடித்த அனுபவம் இருந்ததால் எதையும் சுருக்கமாகச் சொல்லுவார். சொல்லாமல் இருக்க மட்டும் அவருக்குப் பழக்கமில்லை.

இருவரும் உட்கார்ந்திருந்தது தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் கட்டியிருந்த 'கார்மல்மாதா' என்ற விசைப்படகின் வயிற்றுக்குள். ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிற படகு. போன வாரம் கரையே கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அது நின்றுபோனது. எஞ்சின் சுற்றியது, புரொப்பெல்லர் சுற்றவில்லை. நடுவில் இருக்கும் கியர் பாக்ஸ் பிடி விட்டுவிட்டது. எட்டுப் பேர் இரண்டு இரவுகள் காற்று தள்ளிய பக்கம் மிதந்தார்கள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ஒரு கொச்சிப் படகு கயிறு போட்டு இழுத்து வந்தது. வராமல் இருந்திருந்தால் இந்த அத்தியாயத்தில் இன்னும் அதிகம் பேர் அழுதிருப்பார்கள்.

அதற்கு முந்தின பயணத்திலும் இதே கோளாறு, துறைமுக வாயைத் தாண்டியதுமே. அப்போது உள்ளூர் மெக்கானிக் ஒருவர் ஆயிலை மட்டும் மாற்றி, ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

படகின் முதலாளி ததேயுஸ் இதற்கெல்லாம் ஒரே காரணத்தைத்தான் கண்டார். டிரைவர் செல்வதாஸ். கியரைத் தாறுமாறாகப் போட்டுக் கெடுத்தவன் அவன்தான். சாயங்காலம் படகுச் சங்கத்தில் கூட்டம். கம்பெனி எஞ்சினியரும் அதையே சொல்லிவிட்டால் செல்வதாஸை இறக்கிவிடுவார்கள். ஆளைக் கடலில் தவிக்கவிட்டவன் என்று பெயர் வாங்கி இறங்கிய டிரைவரை இந்தக் கரையில் வேறு எந்த முதலாளியும் ஏற்றமாட்டார்.

"ஆயிலைப் பாருங்க அண்ணாச்சி." ஆதிரா ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "கடல் தண்ணி உள்ள போயிருந்தா பால் ஊத்தின சாயா மாதிரி ஆயிருக்கும். இது தேன் மாதிரி தெளிஞ்சு கிடக்கு."

"அப்போ?"

"உப்பு வந்திருக்கு. வெள்ளம் வரல. கடல் உப்பைத் தனியா அனுப்பாது."

"மிளகையும் அனுப்பாது."

"ஆளு போட்டதாக்கும். உப்பு போய் வடிகட்டியை அடைச்சிருக்கு, ஆயில் ஏறல, கிளட்ச் பிடிக்கல." அவள் கியர் பாக்ஸின் மேல் இருந்த மூடியைத் தட்டினாள். "இது வழியாத்தான் போட்டிருக்கணும். ஸ்பானர் இல்லாம இது திறக்காது. இன்னொண்ணும் உண்டு. இந்த ரூம்ல எங்க தொட்டாலும் கரி. இந்த மூடிக்க வாயை மட்டும் யாரோ துடைச்சு வச்சிருக்காங்க."

மேலே நிழல் விழுந்தது. ஆதிரா உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

"மேடம், சாயா."

இரண்டாம் டிரைவர் லிஜோ ஏணியில் இறங்கி வந்தான். முப்பதைத் தாண்டியவன், டிரைவர் சர்ட்டிபிகேட் எடுத்தவன், ததேயுஸின் தங்கை மகன். காலையிலிருந்து கேட்காமலே எல்லா உதவியும் செய்துகொண்டிருந்தான்.

"லிஜோ, போட்டுல உப்பு எங்க வைப்பீங்க?"

"அடுக்களையில. பாக்கெட் உப்பு, பொடி."

"கல்லுப்பு?"

"கல்லுப்பு எதுக்கு மேடம்? மீனுக்கு ஐஸ்தானே." அவன் கண் வடிகட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. "ஏன் கேக்கீங்க?"

"சாயாவுக்கு."

"சாயாவுக்கு உப்பா?"

"நார்வேல பழகினது," என்றார் பகவதியப்பன். "அங்க சீனியைக் கருவாட்டுக்குத்தான் போடுவாங்க."

லிஜோ சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கிளாஸ்களை வைத்தான். "செல்வதாஸ் அண்ணன் நல்ல மனுசனாக்கும் மேடம். ஆனா வயசாச்சு. வேகத்துல இருக்கும்போதே கியரைப் போட்டுருவாரு. நான் எத்தனையோ வாட்டி சொன்னேன். கேக்கல."

அவன் ஏறிப் போனதும் பகவதியப்பன் மிளகை வாங்கித் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடினார்.

"இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது," என்றாள் ஆதிரா. "உப்புன்னு மட்டும் சொல்லலாம்."

"நான் எப்ப மேடம் பேசியிருக்கேன்?"

ஆதிரா கண்ணாடிக் கூட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏணியில் ஏறினாள்.

படகுத்துறையில், குவித்துவைத்த வலையின் மேல் செல்வதாஸ் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. தோளில் துண்டு. மற்ற ஆட்கள் கொஞ்சம் தள்ளி நின்று அவரைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கியர் பாக்ஸ் மூடியைத் திறந்தீங்களா அண்ணே?"

"இல்ல."

"துடைச்சீங்களா?"

செல்வதாஸ் கடலைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது மோளே. நீங்க எழுதுகத எழுதுங்க. நான் வழக்குக்கு வரல."

வேனுக்கு நடக்கும்போது பகவதியப்பன் சொன்னார்: "குத்தம் செய்தவன் இப்படிச் சும்மா இருக்கமாட்டான் மேடம். குத்தமே செய்யாதவனும் இப்படி இருக்கமாட்டான்."

"பின்ன யாரு இருப்பா?"

"அதான் தெரியல. தெரிஞ்சா நீங்க டிரைவர், நான் எஞ்சினியர்."

வேனில் ஏறியதும் போன் அடித்தது. மேனேஜர். கொச்சியில் ஒரு மண்வாரிக் கப்பல் அவளுக்காக நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. ராத்திரிக்குள் அவள் அங்கே இருக்க வேண்டும். "ஒரு மீன்பிடி படகுக்கு இவ்வளவு நேரமா ஆதிரா? டிரைவர் கவனக்குறைவுன்னு எழுதிட்டுக் கிளம்புங்க."

"கியர் பாக்ஸ்ல உப்பு இருக்கு சார்."

"கடல்ல உப்பு இல்லாம வேற என்ன இருக்கும்?"

அவள் போனை வைத்தாள். "எல்லாரும் இப்படித்தான் நினைப்பாங்கன்னு தெரிஞ்சு ஒருத்தன் செய்திருக்கான். வேற என்னத்தைப் போட்டிருந்தாலும் முதல் நாளே சந்தேகம் வந்திருக்கும்."

"மிளகைப் போட்டதுதான் அவனுக்குப் பிசகிப்போச்சு."

"மிளகை அவன் போடல அண்ணாச்சி. உப்போட சேர்ந்து வந்திருக்கு. உப்பும் மிளகும் ஒண்ணா எங்க இருக்கும்?"

"அடுக்களையில. ஆனா வேற வேற டப்பாவுல."

"ஒரே பொதியில?"

பகவதியப்பன் வேனைக் கிளப்பப் போன கையை நிறுத்தினார். "எங்க ஊரு அம்மன் கோயில்ல உப்பும் மிளகும் வாங்கித் தட்டுவாங்க. மரு உதிரணும்னு நேர்ந்துக்கிடுகது. உங்க பூதப்பாண்டிப் பக்கமும் உண்டுதானே?"

"உண்டு. ஆனா இது கடற்கரை, இங்க மாதா கோயில்தான்."

"சாமிதான் மேடம் மாறும். உப்பும் மிளகும் மாறாது."

துறைமுகத்திலிருந்து ஊருக்குள் திரும்பும் வளைவில் அந்தோணியார் குருசடி என்ற சின்னக் கோயில் இருந்தது. வாசலில் ஷிபா என்ற பெண் மெழுகுவத்தியும் பூவும் சின்னச் சின்னக் காகிதப் பொதிகளும் விற்றுக்கொண்டிருந்தாள். ஆதிரா ஒரு பொதியை வாங்கிப் பிரித்தாள். கல்லுப்பு. நடுவில் ஏழெட்டு மிளகு.

"இதை வாங்குகவங்க என்ன செய்வாங்க?"

"உள்ள பெட்டியில தட்டிட்டு ஜெபம் சொல்லிட்டுப் போவினும். வேற என்ன செய்ய?"

"யாராவது வீட்டுக்குக் கொண்டுபோவாங்களா?"

"இஞ்ச அது வழக்கமில்ல." ஷிபா பூவைக் கட்டிக்கொண்டே யோசித்தாள். "ஒருத்தி உண்டு. பங்குச் சாமியார்கிட்ட கொடுத்து மந்திரிச்சு வாங்கி, முந்தியில முடிஞ்சு கொண்டுபோவா. இந்தக் கரையிலயே அவ ஒருத்திதான்."

"யாரு?"

"நேசபாய் அக்கா. டிரைவர் செல்வதாஸுக்க பெண்டாட்டி."

இருவரும் வேனுக்குத் திரும்பினார்கள். கதவைத் திறந்துகொண்டே பகவதியப்பன்தான் தொடங்கினார்.

"நாம யாரைக் காப்பாத்தலாம்னு வந்தோம் மேடம்?"

"செல்வதாஸை."

"கொள்ளாம். இதே மாதிரி இன்னும் ஒரு ஆளைக் காப்பாத்தினோம்னா போலீஸுக்கு வேலை மிச்சம்."

நேசபாய் வீட்டுப் பின்புறம் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கம்பெனி ஆள் என்றதும் எழுந்து கை கழுவி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு, அவளே ஆரம்பித்தாள்.

"எங்க ஆளு கியரைக் கெடுக்கமாட்டாரு மோளே. அவரு வீட்டுக் கதவையே பைய சாத்துகவரு."

"அக்கா, போட்டுல உப்பும் மிளகும் போட்டீங்களா?"

மறுப்பாள் என்று ஆதிரா எதிர்பார்த்தாள். நேசபாயின் முகம் மலர்ந்தது.

"போட்டேன். நானாக்கும் போட்டது. அதனாலதானே எட்டுப் பேரும் உசிரோட வந்தினும்? நடுக்கடல்ல மிஷின் நின்னும் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. ஒக்கிப் புயல்ல எனக்க தம்பி போனான். உடம்பு கூடக் கிடைக்கல. அதுலயிருந்து எங்க ஆளு கடலுக்குப் போனா எனக்கு சோறு இறங்காது. மந்திரிச்ச உப்பு போட்ட பொறவுதான் கொஞ்சம் உறக்கம் வந்துது."

பகவதியப்பன் கண்ணாடிக் கூட்டைச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் தள்ளினார்.

அடுத்த வாக்கியத்தைச் சொல்ல ஆதிராவுக்கு நேரம் பிடித்தது. எத்தனையோ கேப்டன்களிடம் கப்பல் இனி ஓடாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவர்கள் கத்துவார்கள். கத்துகிறவர்களிடம் சொல்வது சுலபம்.

"அக்கா, மிஷின் நின்னதே அந்த உப்பாலதான்."

நேசபாய் புரியாமல் பார்த்தாள். "உப்பு கரைஞ்சிரும்லா?"

"வெள்ளத்துல கரையும். எண்ணெயில கரையாது."

சாளைச் சட்டியைச் சுற்றி ஒரு பூனை வந்து நின்றது. நேசபாய் அதை விரட்டவில்லை. அது ஒரு மீனைக் கவ்விக்கொண்டு, யாரும் துரத்தாததில் சந்தேகப்பட்டு, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

"அப்போ அவரு கடல்ல கிடந்தது எனக்க கையாலயாக்கும்," என்றாள் நேசபாய்.

ஆதிரா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"அந்த மூடி ஸ்பானர் வச்சுத் திறக்குகது அக்கா. உங்களுக்கு யாரு திறந்து தந்தது?"

"லிஜோ. அவன்தான் விளிச்சுக் கூட்டிட்டுப் போனான். ஆளுகளெல்லாம் பூசைக்குப் போயிருந்த நேரம். 'அக்கா, உப்பை முன்பக்கம் அணியத்துல தூவினா அலை கொண்டுபோயிரும். போட்டுக்க இதயத்துல போடுங்க'ன்னு சொல்லி அவனே திறந்து தந்தான். அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, ஏசுவாருன்னான். முதல்ல ஒரு பிடி போட்டேன். அடுத்த பயணத்துக்கு அவன் வந்து, 'போன வாட்டி உப்பு குறைஞ்சுபோச்சு, அதான் வழியில நின்னுச்சு'ன்னு சொன்னான். நான் முழுப் பொதியும் போட்டேன்."

அவள் முந்தியை உதறிச் செருகிக்கொண்டாள். "நான் சங்கத்துக்கு வாறேன். எல்லாரும் இருக்கும்போது சொல்லுகேன், நானாக்கும் போட்டதுன்னு."

"வாங்க. ஆனா நான் விளிக்குகது வரை பேசக்கூடாது," என்றாள் ஆதிரா.

நேசபாயைப் பின்சீட்டில் ஏற்றிய பிறகு பகவதியப்பன் வேனுக்கு வெளியே நின்று குரலைத் தாழ்த்தினார். "இவங்க சொன்னா என்ன ஆகும் தெரியுமா? செல்வதாஸுக்க பெண்டாட்டி போட்டைக் கெடுத்தா, செல்வதாஸ் போகட்டும். தீர்ந்துது. லிஜோ 'எனக்கொண்ணும் தெரியாது'ன்னு நிப்பான்."

"அவன் அதுக்காகத்தான் இவங்க கையால போட வச்சான். எப்பவாவது உப்பைக் கண்டுபிடிச்சாலும் அது செல்வதாஸ் வீட்டுக்குத்தான் போய் நிக்கும்."

"அப்போ என்ன செய்யப்போறீங்க?"

"வேற ஒருத்தரைச் சொல்லப்போறேன்."

"யாரை?"

"சும்மா கிடக்குக ஒருத்தரை."

சங்கக் கட்டடத்தில் மின்விசிறிகள் சுற்றின, காற்று வரவில்லை. முன்வரிசையில் ததேயுஸ். ஓரத்தில் செல்வதாஸ், துண்டை மடியில் மடித்து வைத்திருந்தார். படகு ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். நேசபாய் வாசலுக்கு வெளியே, பகவதியப்பனின் முதுகுக்குப் பின்னால்.

ஆதிரா மேசையில் வடிகட்டியை வைத்தாள்.

"கியர் பாக்ஸ் கெடல. வடிகட்டி அடைச்சிருக்கு. அடைச்சது உப்பு."

"கடல்னா உப்பு வரத்தானே செய்யும்," என்றார் ததேயுஸ்.

"இது கடலுப்பு இல்ல. உள்ள வெள்ளம் ஒரு சொட்டு இல்ல. சமையல் உப்பு. அடுக்களையில இருந்து கைதவறிப் போயிருக்கும்னு நினைக்கேன்."

எல்லாத் தலைகளும் சமையல் பார்க்கும் சுடலையாண்டியின் பக்கம் திரும்பின. சுடலையாண்டி சுவரைவிட்டுப் பிரிந்து வந்தான்.

"நானா? நான் குழம்புக்கே உப்பு குறைச்சுத்தான் போடுவேன். இவங்ககிட்ட கேளுங்க."

"அது சத்தியம்," என்றது ஒரு குரல். இரண்டு மூன்று தலைகள் வருத்தத்தோடு ஆடின.

"அப்போ செல்வதாஸ் பேர்ல தப்பு இல்லையா?" ததேயுஸ் கேட்டார்.

"இல்ல. கியர் போட்டதுல ஒரு குறையும் இல்ல. நான் அப்படித்தான் எழுதப்போறேன். சமையல்காரரைக் கண்டிச்சு விட்டாப் போதும்."

கூட்டம் தளர்ந்தது. யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். சுவரோரம் நின்ற லிஜோ முன்னால் வந்தான்.

"மாமா, பாவம் சுடலையாண்டியைச் சொல்லாண்டாம். அடுக்களையில இருக்குகது பொடி உப்பு." அவன் குரலில் வருத்தம் சரியான அளவில் இருந்தது. "நான் சொல்லாண்டாம்னுதான் இருந்தேன். உப்பும் மிளகும் எங்க இருந்து வந்துதுன்னு செல்வதாஸ் அண்ணனுக்க வீட்டுல கேளுங்க. நேசபாய் அக்காதான் மந்திரிச்ச உப்பை வாங்கி வாங்கிக் கொண்டுபோவாங்க."

செல்வதாஸின் கை துண்டைப் பிடித்தது.

"மிளகா?" என்றாள் ஆதிரா. "நான் உப்புன்னுதானே சொன்னேன்."

பகவதியப்பன் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மிளகை எடுத்து மேசையில் வைத்தார். அது உருண்டு வடிகட்டியில் முட்டி நின்றது.

"இது உள்ள இருந்துதுன்னு எனக்கும் மேடத்துக்கும் தெரியும். போட்டவங்களுக்குத் தெரியும். நீ எப்படிப் பாத்தே மக்கா?"

"நான்... அக்கா போடுகதப் பாத்தேன்."

"எப்ப?" ஆதிரா கேட்டாள்.

"போட்டு போகுகதுக்கு முந்தி."

"அவங்க கியர் பாக்ஸ்ல உப்பு போடுகதப் பாத்தீங்க. நீங்க சர்ட்டிபிகேட் எடுத்த டிரைவர். வடிகட்டி அடைக்கும்னு தெரியும். பாத்துட்டு, ஒருத்தர்கிட்டயும் சொல்லாம, எட்டுப் பேரோட அதே போட்டுல கடலுக்குப் போனீங்க. அப்படித்தானே?"

லிஜோ ததேயுஸைப் பார்த்தான். ததேயுஸ் அவனைப் பார்க்கவில்லை, மிளகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கலைன்னா மிளகு எப்படித் தெரியும்? பாத்தீங்கன்னா ஏன் எடுக்கல? ரெண்டுல எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்," என்றாள் ஆதிரா. "இன்னொண்ணும் சொல்லிருங்க. அந்த மூடி எனக்கே ஸ்பானர் போட்டு ரெண்டு கையால திருப்பினாத்தான் திறந்துது. இந்த அக்காவுக்கு ஸ்பானர் எடுத்துத் தந்தது யாரு?"

அவள் வாசலைப் பார்த்தாள். நேசபாய் உள்ளே வந்தாள். கூட்டத்தையோ கணவனையோ பார்க்காமல் லிஜோவின் முன்னால் போய் நின்றாள்.

"இதயத்துல போடச் சொன்னியேடா," என்றாள்.

குரல் உயரவில்லை. லிஜோ பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஏம்ல?" என்றார் ததேயுஸ்.

"எத்தனை வருசமா மாமா நான் ரெண்டாம் டிரைவரு? சர்ட்டிபிகேட்டு பிரேம் போட்டு வீட்டுச் சுவர்ல தொங்குகு. நீங்க ஒருவாட்டி கூட எனக்க கையில போட்டைத் தரல." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஹார்பர் வாசல்லயே நிக்கும்னு நினைச்சேன். முதல்ல அப்படித்தானே நின்னுது. அவரு பேரு கெடணும், அவ்வளவுதான். அவ்வளவு தூரம் போய் நிக்கும்னு நினைக்கல."

"நீயும் அந்தப் போட்டுலதான இருந்தே?" என்றார் பகவதியப்பன்.

"இருந்தேன்."

"அந்த ரெண்டு ராத்திரியும் என்ன செய்தே?"

"ஜெபம் சொன்னேன்," என்றான் லிஜோ.

அவனோடு மிதந்த ஆறு பேர் சுவரோரத்திலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. அவன் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தான்.

தீர்மானிக்க அதிக நேரம் ஆகவில்லை. சங்கம் மறுவார்த்தை சொல்லும்வரை லிஜோ எந்தப் படகிலும் கால் வைக்கக்கூடாது. ததேயுஸ் எதிர்ப்பேச்சு பேசவில்லை. எழுந்து செல்வதாஸிடம் போய், நெடுநேரம் எதையோ சொல்ல முயன்று, கடைசியில், "புதன்கிழமை ஐஸ் ஏத்தணும்" என்றார். செல்வதாஸ் தலையாட்டினார். அந்தக் கரையில் மன்னிப்பு கேட்பதும் கொடுப்பதும் அப்படித்தான் நடக்கும்.

லிஜோ குலசேகரத்தில் மாமனாருக்கு ரப்பர் தோட்டம் இருப்பதாகவும், அங்கே போகப்போவதாகவும் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"ரப்பர் மரத்துல கியர் கிடையாது," என்றார் பகவதியப்பன். "மரம் தப்பிச்சுது."

வெளியே வெயில் இறங்கியிருந்தது. ஆதிரா வேன் கதவில் சாய்ந்து நின்று மேனேஜருக்கு இரண்டு வரி அனுப்பினாள். செல்வதாஸும் நேசபாயும் படியிறங்கி வந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

"அண்ணே, ஒரு சங்கதி மட்டும் எனக்குப் பிடிபடல," என்றாள் ஆதிரா. "மூடிக்க வாயைத் துடைச்சது யாரு?"

செல்வதாஸ் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார். இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"நான்தான். போட்டை இழுத்துக்கொண்டு வந்து கட்டினதும் முதல்ல நானாக்கும் கீழ இறங்கினது. மூடியில உப்பு ஒட்டிக் கிடந்துது. திறந்தேன். வாயில ரெண்டு மிளகும் மாட்டிக் கிடந்துது. இந்தக் கரையில மந்திரிச்சு வீட்டுக்குக் கொண்டுவருகவ இவ ஒருத்தி. எனக்கு மனசிலாச்சு. உப்பைத் துடைச்சேன்."

"அப்போ அதான் ஒண்ணுமே பேசாம இருந்தீங்க."

"நான் போட்டைக் கெடுத்தேன்னு சொன்னா எனக்க வேலை போகும். இவ கெடுத்தான்னு சொன்னா எட்டு வீட்டுப் பெண்ணுங்க இவ முகத்துல முழிக்கமாட்டாங்க. எது பெருசு?"

"மிளகை என்ன செய்தீங்க?" என்றார் பகவதியப்பன்.

"தின்னேன்."

"கியர் ஆயிலோடயா?"

"பின்ன? லிஜோ ஏணியில இறங்கிட்டிருந்தான். எங்க போடச் சொல்லுகீங்க?"

பகவதியப்பன் வேனிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

நேசபாய் நின்றுவிட்டாள். "அன்னைக்கு ராத்திரி வயித்தைப் பிடிச்சுட்டுக் கிடந்தீங்களே."

"ஆமா."

"கடல்ல கிடந்தது ஒத்துக்கலைன்னு சொன்னீங்க. நான் கஞ்சி வச்சுத் தந்தேன்."

"பின்ன என்னத்தைச் சொல்ல?"

நேசபாய் அவரையே பார்த்தாள். சங்கத்துக்குள் நுழைந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை இப்போது வந்துவிடும் என்று ஆதிரா நினைத்துப் பார்வையை விலக்கிக்கொண்டாள். வரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் நேசபாய்.

"எதுக்கு?"

"'ஏட்டி, எதுக்கு அங்க உப்பு போட்டே'ன்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா லிஜோதான் போடச் சொன்னான்னு அன்னைக்கே சொல்லியிருப்பேனே. இவ்வளவு நாளும் ஊரு ஏசி, நான் சாப்பிடாம, நீங்க ஆயிலைக் குடிச்சு..."

செல்வதாஸ் ஆதிராவைப் பார்த்தார். பிறகு பகவதியப்பனைப் பார்த்தார். இருவரும் வேனுக்குள் ஏறிக்கொண்டார்கள்.

நேசபாய் முன்னால் நடக்க ஆரம்பித்தாள். பேச்சை நிறுத்தவில்லை. இரண்டு இரவுகள் நடுக்கடலில் எட்டுப் பேரைப் பதறாமல் வைத்திருந்த மனிதர், துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் போனார்.